பேழையில் பிறந்த புதல்வன்: மேற்குச் சாக்ஸன் அரச வமிசாவளி பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு நூலில் கி.பி. 855ஆம் ஆண்டின் கீழ் வரும் பதிவு, மேற்குச் சாக்ஸன் நாட்டு மன்னன் ஏதெல்வுல்ஃப் ரோமாபுரிக்கு யாத்திரை சென்றதையும், ஓராண்டு அங்கே தங்கியதையும், திரும்பும் வழியில் பிராங்கிய வேந்தன் வழுக்கைத் தலைச் சார்லஸின் மகளாகிய யூடித் என்னும் சிறுமியை மணந்து வந்ததையும், பின்னர் அவன் மாண்டதையும் சுருங்கச் சொல்லிவிட்டு, எதிர்பாராத வகையில் ஒரு நெடிய பெயர்ப் பட்டியலில் இறங்கிவிடுகிறது. ஏதெல்வுல்ஃப் எக்பெர்ட்டின் மகன், எக்பெர்ட் எயால்முண்டின் மகன் என்று படிப்படியாக மேலேறும் அந்தப் பட்டியல், கி.பி. 495இல் கரையிறங்கியதாகக் கூறப்படும் செர்டிக்கைத் தொட்டு, புறச்சமயத் தெய்வமாகிய வோடனைக் கடந்து, கேயாட், ஷெல்ட்வா, ஷேஃப் முதலிய மங்கிய பெயர்களின் வழியாக நோவாவை அடைந்து, லாமேக்கு, மெத்தூசலா, ஏனோக்கு என்று ஆதியாகமத்தின் பிதாக்களை ஒருவர் பின் ஒருவராக எண்ணி, ஆதாமிடத்தில் போய் நிற்கிறது.

நதிமூலம் ரிஷிமூலம் ஆராயலாகாது என்பது நம்மவர் வழக்கு. அரசர்களோ தங்கள் மூலத்தைப் பிறர் ஆராய்ந்தே தீரவேண்டும் என்று விரும்பியவர்கள். அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றிய மடத்துத் துறவிகளை, முகஸ்துதிக்காகப் பொய் புனைந்தவர்கள் என்று ஒரு சாராரும், தங்கள் குலக்கதையை வேதத்தோடு இசைவிக்க முயன்ற பக்திமான்கள் என்று மற்றொரு சாராரும் கூறி வந்துள்ளனர். இவ்விரு கொள்கைகளும் பட்டியலின் மிக விசித்திரமான ஓர் அம்சத்தை விளக்காமலே விட்டுவிடுகின்றன. நோவாவின் குமாரர் மூவர் எவரென்று ஞானஸ்நானம் பெற்ற குழந்தையும் அறிந்திருக்க, இப்பட்டியலை இயற்றியவர்கள் சேம், காம், யாப்பேத் என்னும் மூவரில் எவரையும் தேர்ந்தெடுக்காமல், பேழைக்குள்ளேயே பிறந்த நான்காம் புதல்வன் ஒருவனைப் படைத்துக்கொண்டார்கள். வேதத்தின் அதிகாரம் வேண்டும், ஆனால் வேதத்தின் கட்டுப்பாடு கூடாது என்னும் நோக்கமே இந்தத் தெரிவுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் இவ்வமிசாவளி வளர்ந்த விதத்தைக் காண்போம். மரம் கீழிருந்து மேலே வளர்வதுபோல இதுவும் காலம் செல்லச்செல்ல மேல்நோக்கியே வளர்ந்தது. மிகப் பழைய மூதாதைதான் மிகப் பிற்காலத்துச் சேர்க்கை. கி.பி. 731இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீடர், ஹெங்கிஸ்ட், ஹோர்ஸா என்னும் சகோதரரின் முன்னோரைக் கூறுமிடத்து வோடனோடு நிறுத்திக்கொள்கிறார். பல நாடுகளின் அரசகுலங்கள் வோடன் வழியைச் சொல்லிக்கொள்கின்றன என்பதற்கு அப்பால் அவர் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட காட்டன் தொகுப்பின் ஏடொன்றில், லிண்ட்ஸே நாட்டு அரசர் பட்டியல் மட்டும் வோடனைத் தாண்டிக் கேயாட் வரை செல்கிறது. ஆல்பிரட் அரசனின் காலமாகிய அந்நூற்றாண்டின் இறுதியில்தான், மேற்குச் சாக்ஸன் ஏடுகளில், கேயாட்டுக்கு மேலே ஷேஃபும், அவனுக்கும் மேலே நோவாவும் வந்து அமர்கின்றனர். இந்தப் படிநிலைகளை ஏடு ஏடாக ஒப்பிட்டுத் தெளிவாக நிறுவியவர் கென்னத் சைஸம். 1953இல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சிக்குப் பின் இதில் ஐயத்துக்கு இடமில்லை.

செர்டிக்குக்கும் வோடனுக்கும் இடைப்பட்ட பகுதியும் குலத்தின் சொந்தச் சொத்தன்று. வடநாட்டுப் பெர்னீஸிய அரசரின் பட்டியலிலிருந்து பெரும்பாலும் கடன் வாங்கியது. செர்டிக் என்னும் பெயரே சாக்ஸன் பெயராக இல்லாமல், அவன் வென்றதாகச் சொல்லப்படும் பிரித்தானியரின் மொழிக்குரியதாகத் தோன்றுவதை எண்ணிப் பார்த்தால், இந்தக் குலப்பெருமையின் அடித்தளம் எத்தகையது என்பது விளங்கும். கிழக்குச் சாக்ஸன் அரசர்களோ வோடனை ஏற்காது, சீக்ஸ்னேட் என்னும் வேறொரு தெய்வத்தையே தம் மூலபுருஷனாகக் கொண்டிருந்தனர். வோடன் வழி என்பதும் எல்லாருக்கும் பொதுவான ஆதிவழக்கன்று. செல்வாக்குள்ள குலங்களிடமிருந்து பரவிய நாகரிகமே.

மதம் மாறிய அரசர்களுக்கு வோடன் தர்மசங்கடமாகிப் போனான். அவனைத் துறந்தால் குலத்தின் மகிமை போய்விடும். வைத்துக்கொண்டால் பிசாசின் சந்ததி என்ற பழி வரும். இதற்குக் கண்ட உபாயம், அவனுக்கு ஒரு தந்தையையும் பாட்டனையும் கற்பித்து, மயங்கிய மக்களால் தெய்வமாகப் போற்றப்பட்ட ஒரு பழைய மனித அரசனாக அவனை இறக்கிவிடுவது. பாட்டனுக்கும் பிறகு தெய்வத்தன்மை ஒட்டிக்கொண்டு வந்தபோது, அதையும் மேலே தள்ள வேண்டியதாயிற்று. கி.பி. 829-30 அளவில் வேல்ஸ் நாட்டில் இயற்றப்பட்ட ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனும்’ என்னும் இலத்தீன் நூலின் ஆசிரியர், கேயாட்டைத் தெய்வ குமாரன் என்று சொல்லுவார்கள் என எழுதியவுடனே, அது சர்வவல்லமையுள்ள கடவுளன்று, பேய் மயக்கத்தால் அவர்கள் தொழுத விக்கிரகங்களில் ஒன்று என்று பதறிப்போய்த் திருத்திக்கொள்கிறார்.

ஆல்பிரட்டின் சரித்திரத்தை 893இல் எழுதிய ஆஸ்ஸர் இவ்விடத்தில் இன்னும் சுவையாக வழுக்கி விழுகிறார். கேயாட்டைப் புறச்சமயத்தார் நெடுங்காலம் தெய்வமாக வழிபட்டனர் என்று கூறி, அதற்குச் சான்றாக ஐந்தாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கவிஞர் செடூலியஸின் அடிகள் சிலவற்றை எடுத்துக் காட்டுகிறார். செடூலியஸ் குறிப்பிட்டதோ கேட்டா என்னும் ஒரு நாடகப் பாத்திரம். உரோம நாடகாசிரியர் டெரென்ஸின் இன்பியல் நாடகங்களில் வந்து சிரிப்பு மூட்டும் ஓர் அடிமை! சாக்ஸன் வேந்தர்களின் மூதாதைக்குச் சாட்சியாக மேடைக் கோமாளி ஒருவன் அழைத்து வரப்பட்டான். ஆஸ்ஸர் கல்வியில் குறைந்தவரல்லர். பெயர் ஒத்தால் ஆளும் ஒத்தான் என்று துணிவதே இத்தகைய பட்டியல்களின் தொழில்முறை என்பதைத்தான் அவருடைய தவறு காட்டிக்கொடுக்கிறது. ஷேஃபின் இடத்தில் அவர் சேத் என்று எழுதியிருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். நாட்டுப்புற வீரனொருவனின் பெயர் விவிலியப் பெயராக உருமாறுவதற்கு ஒரு பேனாவின் சிறு சறுக்கலே போதுமானதாக இருந்தது.

இனி ஷேஃப் யார்? பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்தீனில் வரலாறு எழுதிய பிரபு ஏதெல்வேர்ட், ஆல்பிரட்டின் தமையன் வழியில் வந்தவர். தம் குலத்தைப் பற்றித் தமக்கே உரிய கேள்விச் செல்வம் உள்ளவர். அவர் நோவாவைக் குறிப்பிடவே இல்லை. ஷேஃப் மிக இளம் பாலகனாக, சுற்றிலும் ஆயுதங்கள் கிடக்க, சிறு படகொன்றில் ஸ்கானி என்னும் தீவின் கரையில் ஒதுங்கினான் என்றும், எங்கிருந்து வந்தான் என்று அறியாமலே அந்நாட்டு மக்கள் அவனை ஏற்று வளர்த்துப் பின்னர் அரசனாக்கினார்கள் என்றும் சொல்லி, அவனோடு பட்டியலை முடித்துவிடுகிறார். பேயோவுல்ஃப் காவியத்தின் தொடக்கத்திலும், டேனிய அரச மரபின் முதல்வனாகிய ஷில்டு, கடல் கொண்டுவந்து சேர்த்த அநாதைக் குழந்தையாகவே தோன்றுகிறான். பழங்கதையின் உண்மை வடிவம் இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. தாய் தந்தை தெரியாமை அக்கதையின் உயிர்நிலை. மூலம் அறியப்படாதவன் ஆதலால்தான் அவன் மூலபுருஷன் ஆகத் தகுந்தான். வின்செஸ்டர் அரசவையைச் சார்ந்த எழுத்தாளரோ, நீர்மேல் மிதந்து வந்த குழந்தைக்கு ஏற்ற மரக்கலம் வேதத்தில் ஒன்று உண்டென்று கண்டு, படகைப் பேழையாக்கி, அநாதைக்கு ஒரு தகப்பனையும் கொடுத்துவிட்டார்.

இந்த ஒட்டுவேலையின் தையல் ஏடுகளில் இன்றும் தெரிகிறது. கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் உள்ள, ஆண்டுக்குறிப்பு நூலின் மிகப் பழைய பிரதியில், எழுதியவரின் கண் வரி தாவியதாலோ அவர் பார்த்து எழுதிய மூலத்தின் சிதைவாலோ, இடையிலுள்ள சில பெயர்கள் விடுபட்டு, ஹ்ராத்ரா என்பவனே பேழையில் பிறந்தவனாகிவிடுகிறான்; வேறு பிரதிகளில் அந்தப் பெருமை ஷேஃபுக்கு உரியது. பேழையில் எவனோ ஒருவன் பிறந்தாக வேண்டும் என்பது மட்டும் மாறாமல் நிற்கிறது.

அறியாமையால் நேர்ந்த பிழை இது என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. ஆல்பிரட்டின் சட்டத் தொகுப்பு பத்துக் கற்பனைகளோடு தொடங்கி, யாத்திராகமத்தின் சில அதிகாரங்களை நாட்டு மொழியில் பெயர்த்துத் தருகிறது. அத்தகைய அரசவையில், பேழையில் பிழைத்தவர் எட்டுப்பேர் மாத்திரமே என்று பேதுருவின் முதல் நிருபம் கணக்கிட்டுச் சொல்லியிருப்பதை அறியாதவர் இருந்திருக்க இயலாது. யாப்பேத் வழியும் அவர்களுக்குத் தெரியாததன்று. ஐரோப்பிய ஜாதிகளை யாப்பேத்தின் சந்ததியாக வகுப்பது செவீல் நகரத்து இஸிடோர் காலத்திலிருந்தே கற்றோர் வழக்கு. மேலே கூறிய ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனும்’ சாக்ஸன் இனத்தையும் அந்தக் கிளையிலேயே வைக்கிறது. ஆல்பிரட்டுக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்ட பாதிரியார் ஏல்ஃப்ரிக், வடகடலோரத்து மக்கள் யாப்பேத்தின் வழியினரே என்று ஐயமின்றி எழுதுகிறார். கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு தகுதியான மூதாதை ஒருவன் இருக்கவும் அவனை வேண்டாமென்று விட்டதற்குக் காரணம் இருந்தாக வேண்டும்.

காரணம் யாப்பேத்தின் பொதுத்தன்மையே. அவன் ஜாதிகளின் தகப்பன். அவனைப் பற்றிக்கொண்டால் அரசனும் அவன் வயலை உழும் குடியானவனும் அவன் கரையைக் கொள்ளையிடும் வைக்கிங்கும் ஒரே கிளையினர் ஆகிவிடுவர். மேலும் நோவாவின் மூன்று குமாரரும் தந்தையின் ஆசீர்வாதத்தாலோ சாபத்தாலோ குறியிடப்பட்டவர்கள்; வேத வியாக்கியானிகள் அவர்களைப் பற்றி எழுதிக் குவித்தவற்றையெல்லாம் அவர்களுடைய சந்ததி சுமந்தே தீர வேண்டும். பேழையில் பிறந்தவனுக்கு இந்தச் சுமை ஒன்றுமில்லை. அவன் பிரளயத்துக்கு முந்திய பாவ உலகையும் சேர்ந்தவனல்லன். பிந்திய ஜாதிப் பங்கீட்டிலும் இடம் பெற்றவனல்லன். வேதம் அவனைப் பற்றி மௌனம் சாதிப்பதால், அவனைப் பற்றி எதுவும் சொல்லலாம்.

இதற்கு முன்மாதிரி இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஏழாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் தோன்றி விரைவிலேயே இலத்தீனில் பெயர்க்கப்பட்ட, மெத்தோடியஸின் பெயரால் வழங்கும் வெளிப்பாட்டு நூல், பிரளயத்துக்குப் பின் நோவாவுக்குப் பிறந்த யோனிதுஸ் என்னும் புதல்வனைச் சொல்லுகிறது. ஆயினும் யோனிதுஸ் வானநூல் கண்ட ஞானியாகக் கீழ்த்திசைக்குப் போய்விடுகிறான். சாக்ஸன் பட்டியல் அவனைக் கடன் கேட்கவில்லை. வேதத்துக்கு வெளியே நோவாவுக்கு ஒரு மகனைக் கற்பிக்கும் துணிச்சலை மட்டும் அங்கிருந்து பெற்றிருக்கலாம்.

பட்டியலில் டேனியக் கதைகளின் வீரர்களான ஷில்டும் (ஷெல்ட்வா என்னும் பெயரில்) ஹெரமோடும் இடம்பெற்றிருப்பது என் வாதத்துக்கு முரண் என்று சிலர் கருதக்கூடும். வைக்கிங்குகளோடு உறவு வேண்டாதவர்கள் அவர்களுடைய முன்னோரை ஏன் தங்களுக்கு உரியராக்கிக் கொண்டார்கள்? 878இல் எடிங்டன் போரில் தோற்ற டேனியத் தலைவன் கத்ரமுக்கு ஆல்பிரட்டே ஞானத்தந்தையாக நின்றான் என்பதை நினைத்தால் முரண் நீங்கும். அரசர்கள் அரசர்களோடு உறவு பாராட்ட விரும்பினார்களேயன்றி ஜனங்கள் ஜனங்களோடு உறவாவதை விரும்பவில்லை.

வேதத்தின் மௌனத்தில் குடிபுகும் இந்த உத்தி மேற்குச் சாக்ஸன் குலத்துக்கு மாத்திரம் உரியதன்று. அயர்லாந்தின் ‘லெபோர் கபாலா’, பேழையில் இடம் மறுக்கப்பட்ட பித் என்னும் ஒரு மகனை நோவாவுக்குக் கொடுத்து, அவன் மகள் கெஸ்ஸேரைப் பிரளயத்துக்கு முன்பே அயர்லாந்தில் குடியேற்றுகிறது. சேபா தேசத்து ராஜஸ்திரீ சாலொமோனிடம் விரும்பியதெல்லாம் பெற்றுத் தன் தேசத்துக்குத் திரும்பினாள் என்பதோடு ராஜாக்களின் புத்தகம் வாய்மூடிக்கொள்ள, பதினான்காம் நூற்றாண்டின் எத்தியோப்பிய நூலாகிய ‘கெப்ர நகஸ்த்’, அவள் வயிற்றில் மெனிலிக் என்னும் மகனை வைத்து அனுப்புகிறது. 1270இல் ஸாக்வே மரபினரை வீழ்த்தி ஆட்சியைக் கைப்பற்றிய யெகூனோ அம்லாக்கின் குலம் தன்னை அபகரித்தவர் குலமாக அல்லாமல் மீண்டு வந்த உரியோர் குலமாகக் காட்டிக்கொள்ள அந்த மகனே துணை நின்றான். 1955ஆம் ஆண்டின் எத்தியோப்பிய அரசியலமைப்புச் சட்டம் தன் இரண்டாம் விதியிலேயே இந்த வம்சத்தொடர்ச்சியைச் சட்டமாக எழுதி வைத்தது; 1974இல் ஹெய்லி செலாஸி அரியணையிலிருந்து இறக்கப்படும் வரை அது செல்லுபடியாயிற்று. ஜார்ஜியாவின் பக்ரேஷியோனி மன்னர்கள் தாவீதின் வழிவந்ததாகக் கூறி, அவருடைய சுரமண்டலத்தையும் கவணையும் தங்கள் சின்னத்தில் பொறித்துக்கொண்டனர்.

பெயர்த் தொடருக்கும் வேதத்துக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு தளர்வானது என்பதை ஐஸ்லாந்து காட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்நோரியின் எட்டா நூலுக்கு அமைந்த முன்னுரை, பெத்விக், இதர்மன், ஹெரமோட் என்னும் சாக்ஸன் பட்டியலின் பெயர்களையே ஏறத்தாழ அதே வரிசையில் எடுத்துக்கொண்டு, நோவாவுக்குப் பதிலாக டிராய் நகரத்துப் பிரியம் மன்னனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஏணி ஒன்றே, சார்த்திய சுவர்தான் வேறு.

இத்தகைய வமிசாவளிகள் தீங்கற்ற கற்பனைகள் என்று கருதுவோர் பிற்கால விளைவொன்றையும் அறிதல் நலம். எருசலேமின் வீழ்ச்சிக்குப் பின் எரேமியாவோடு எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டதாக வேதம் பெயர் சொல்லாமல் குறிப்பிடும் ராஜகுமாரத்திகளில் ஒருத்தி அயர்லாந்துக்கு வந்து அரசியானாள் என்றும், விக்டோரியா மகாராணி அவள் வழியே தாவீதின் சந்ததி என்றும் 1861இல் குளோவர் என்னும் பாதிரியார் நூலெழுதினார். மறுபடியும் வேதத்தின் மௌனம். மறுபடியும் அதில் ஒரு குடியேற்றம். இக்கொள்கையை நம்பிய பிரித்தானிய-இஸ்ரவேலர் என்னும் கூட்டத்தார், உடன்படிக்கைப் பெட்டி அயர்லாந்தின் தாரா குன்றில் புதைந்துள்ளதென்று 1899 முதல் 1902 வரை அங்கே மண்ணைத் தோண்டினார்கள். கவிஞர் யேட்ஸும் டக்ளஸ் ஹைடும் ஜார்ஜ் மூரும் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கூட்டாகக் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை, ராத் ஆஃப் த சினட்ஸ் எனப்படும் தொன்மையான மண்ணரண் மட்டும் பெரிதும் சிதைந்து போயிற்று.