பொன்னும் சுண்ணமும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் ஒன்றாகிய புங்குடுதீவின் அடிநிலம் சுண்ணக்கல்லாலானது. பொன் பொதிந்த பாறை அங்கே கிடையாது. ஆயினும், தாலிக்கொடியாகவும் வளையலாகவும் பொன் அத்தீவின் இல்லங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. பாறைக்குள் மறைந்து கிடக்கும் பொன் பத்தர் கைக்கு எவ்வாறு வந்து சேருகிறது? தமிழர் பல்லாயிரவர் உழைத்த கோலார்ச் சுரங்கத்தின் வரலாறு இதற்கு விடை தரும்.

அன்றைய மைசூர் நாட்டிலிருந்த கோலாரில், 1880ஆம் ஆண்டு ஜோன் டெயிலர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு சென்று குடியேறினர். 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் அங்கு எட்டியது. காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழ்ந்தது.

வெட்டியெடுத்த கல்லில் பொன் சிறிதளவே உண்டு. ஆதலால், முதலில் இரும்பு உலக்கைகள் கல்லை இடித்து மாவாக்கின. நீரோடு கலந்த அம்மாவு, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடிற்று. பொற்றுகள்களைப் பாதரசம் பற்றிக்கொண்டது. அக்கலவையை மூடிய கலத்திற் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் பிரியும், பொன் எஞ்சும். ஆவி குளிர்ந்து மீண்டும் பாதரசமாகும்.

இம்முறைக்கும் தப்பிய நுண்பொன் கழிவோடு போயிற்று. 1887இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆதர் என்பவரும் பொரஸ்ட் சகோதரரும் அதற்கு வழி கண்டனர். மிக நீர்த்த சயனைட் கரைசல், காற்றின் துணையோடு பொன்னைக் கரைத்துவிடும். கரைசலில் துத்தநாகச் சீவல்களை இட்டால் பொன் கருஞ்சேறாகப் படியும். துத்தநாகத்தை அமிலத்தாற் போக்கி, சேற்றை உலர்த்தி, வெண்காரம் சேர்த்து மூசையில் உருக்குவர். கசடு மேலே மிதக்கும்; பொன் அடியில் தங்கும். கோலாரும் இம்முறையைக் கைக்கொண்டது.

சயனைட் கொடிய நஞ்சு. கரைசலில் அமிலத்தன்மை மிகுந்தால் நச்சுவாயு எழும். அதைத் தடுக்க இடப்படுவது சுண்ணாம்பு. பொன்னில்லாத புங்குடுதீவின் நிலத்திலே நிறைந்த சுண்ணக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் அதே எளிய பொருள்தான், பொன்னாலையில் உயிர்காக்கும் காவலாக நின்றது.

ஆனால் நிலத்தடியில் கல் துளைத்தவர்களின் நுரையீரலைப் பாறைத் தூளிலிருந்து காக்க அத்தகைய எளிய காவல் இருக்கவில்லை. தூசிநோயால் மெலிந்தோர் பலர். ஏறத்தாழ 800 தொன் பொன்னை உலகுக்கு ஈந்த அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பொன் ஊர்கள்தோறும் பரவிற்று. கழிவுமண் மேடுகளும் உழைத்தவர்களின் சந்ததியும் அங்கேயே எஞ்சினர். ஒரு பவுன் நகையின் விலையைக் கணக்கிடுவோர் இவற்றையும் எண்ணிப் பார்ப்பது முறையாகும்.