பாயும் சாயமும்

திருநெல்வேலிக்கு மேற்கேயுள்ள பத்தமடையில், ஆற்றுக் கோரைக்குச் சிவப்பூட்டியது சப்பங்கக் கட்டை. அதைச் சீவி நீரிலே காய்ச்சிச் சாயம் இறக்கினர். சோழமண்டலக் கரையிலோ பருத்தித் துணிக்குச் சாயவேர் சிவப்பளித்தது. கடுக்காயும் படிகாரமும் அந்நிறத்தை நூலில் நிலைநிறுத்தின. அவ்வேரிலுள்ள சாயப்பொருளான அலிசரினை 1868-இல் ஜெர்மானிய வேதியியலார் கிரேபேயும் லீபர்மனும் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். நாளடைவில் சாயவேர்த் தொழில் நலிந்தது. பத்தமடைக் கோரைக்கும் செயற்கைச் சாயம் வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம் இன்று கடையில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால், கட்டையை எவ்வளவு நேரம் காய்ச்சுவது, கோரையை எப்போது எடுப்பது என்பவை கண்ணும் கையும் பழகி அறிந்தவை. கற்பிப்போர் உள்ளபோதே இளையோர் அவற்றைக் கற்க வேண்டுமென விழைகிறேன்.