வேட்டைக்காரன் கட்டுச்சோறு

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவலில் நான்கு பேரை வேட்டைக்கு அனுப்பினேன். ஐந்து நாள் காட்டில் அலையவிட்டேன். நிலவொளி, ஆந்தையின் அலறல், புதருக்குள் மின்னும் புலியின் கண் எல்லாம் அந்த அத்தியாயத்தில் குறைவில்லாமல் இருந்தன. கையெழுத்துப் பிரதியைப் படித்த சிநேகிதர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் சரி, ஓய்! உம்முடைய ஆட்கள் ஐந்து நாளும் என்னத்தைச் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார்.

"வேட்டையாடியதைச் சாப்பிட்டிருப்பார்கள்."

"ஒன்றும் அகப்படாத அன்றைக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி என்னைப் புத்தகசாலைக்கு விரட்டியது. அங்கிருந்து வட அமெரிக்காவின் புல்வெளிகளுக்கே கொண்டுபோய்விட்டது. காட்டுக்குப் போகிறவன் எதைக் கட்டிக்கொண்டு போவது என்பதற்கு அந்தப் பூமியின் மக்களைப் போல விடை கண்டவர்கள் அபூர்வம்.

விடையின் பெயர் பெம்மிகன். கிரீ மக்களின் மொழியில் 'பிமி' என்றால் கொழுப்பு. அதிலிருந்து பிறந்த சொல் இது. சைவ வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்முறையைச் சொல்லாமல் தீராது. காட்டெருமை இறைச்சியை மெல்லிய தகடுகளாக அரிந்து, வெயிலிலும் புகையிலும் வற்றலாக்குவார்கள். ஏறக்குறைய ஐந்து ராத்தல் இறைச்சி காய்ந்தால் ஒரு ராத்தல்தான் தேறும். அதைக் கல்லால் இடித்துப் பொடியாக்கி, அந்த மிருகத்தின் தோலிலேயே தைத்த பையில் போட்டு, ஏறக்குறையச் சம எடைக்கு உருக்கிய கொழுப்பை ஊற்றிக் கலப்பார்கள். காட்டுப் பழங்கள் கிடைத்தால் அவையும் சேரும். வாயைத் தைத்துவிட்டால் ஒரு பை 90 ராத்தல்; அதாவது சுமார் 41 கிலோ. உள்ளே ஈரம் இல்லை. காற்றுப் புகவும் வழியில்லை. வருஷக்கணக்கில் கெடாது.

கொழுப்பு எதற்கு, வெறும் இறைச்சி போதாதா என்று கேட்கலாம். முயல் கறியை மட்டுமே நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்க முயன்றவர்கள், வயிறு நிறையத் தின்றும் நாளுக்கு நாள் நலிந்துபோனார்கள். 'முயல் பட்டினி' என்றே அதற்குப் பெயர். ஒரு கிராம் புரதம் தருவது 4 கலோரி. கொழுப்புத் தருவது 9. கிரீ கிழவிகள் கலோரிக் கணக்குப் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் கணக்குத் தவறவில்லை.

வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு இதன் அருமை விளங்க அதிக காலம் பிடிக்கவில்லை. பீவர் தோல் வாங்க ஓடத்தில் சென்ற வடமேற்குக் கம்பெனி ஆட்களுக்கு, பச்சை இறைச்சியானால் நாளொன்றுக்கு 8 ராத்தல் படி அளக்க வேண்டும். பெம்மிகனானால் 1½ ராத்தல் போதும். ஓடத்தில் உணவு குறைந்த அளவுக்குச் சரக்கு ஏறும். வழியில் நின்று வேட்டையாட வேண்டாம். அடுப்பு மூட்டக்கூட வேண்டாம். இதைவிட மலிவான சாப்பாடு எந்த முதலாளிக்குக் கிடைக்கும்?

1793-இல் அலெக்ஸாண்டர் மெக்கென்ஸி என்பவர் கண்டத்தைக் கடந்து பசிபிக் கரைக்குப் போனார். திரும்பும் வழிக்கு வேண்டுமென்று 90 ராத்தல் பெம்மிகனைக் குழி தோண்டிப் புதைத்து, மேலே நெருப்பு மூட்டி மறைத்துவிட்டுப் போனார். புதையலைப் போலப் புதைத்த சோறு! கடலை அடைந்ததும் ஒரு பாறையில் தம் பெயரையும் தேதியையும் எழுதினார். எழுதிய மை என்ன தெரியுமா? உருக்கிய கொழுப்பில் குழைத்த செந்தூரம்.

இந்த மலிவான சோற்றுக்காக ரத்தமும் சிந்தியது. செவ்வாற்றங்கரையில் 1812-இல் ஸெல்கர்க் பிரபுவின் குடியேற்றம் ஏற்பட்டது. வந்தவர்களுக்கு உணவு போதவில்லை. கவர்னர் மைல்ஸ் மக்டொனல் 1814 ஜனவரி 8-ஆம் தேதி, ஒரு வருஷத்துக்கு எந்த உணவுப் பொருளும் அந்தப் பிரதேசத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவிட்டார். பெம்மிகன் இல்லாவிட்டால் வடமேற்குக் கம்பெனியின் ஓடங்கள் நகரா. அதைச் செய்து விற்றுவந்த மேட்டி மக்களுக்கு, அதாவது ஐரோப்பிய வியாபாரிகளுக்கும் சுதேசிப் பெண்களுக்கும் பிறந்த வமிசத்தாருக்கு, பிழைப்பே போய்விடும். பகை முற்றியது. 1816 ஜூன் 19-ஆம் தேதி செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் கத்பர்ட் கிராண்ட் தலைமையில் பெம்மிகன் கொண்டுபோன மேட்டிகளைக் குடியேற்றத்தார் எதிர்கொண்டார்கள். புதிய கவர்னர் ராபர்ட் ஸெம்பிளும் அவருடைய ஆட்கள் 20 பேரும் மாண்டார்கள். மேட்டிகளில் ஒருவர் இறந்தார். 1821-இல் வடமேற்குக் கம்பெனி, எதிரியான ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனியுடனேயே இணைந்துவிட்டது. செத்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

மேட்டிகளின் வேட்டை பிரமாதமான காட்சி. 1840-இல் புறப்பட்ட கூட்டத்தில் 1,630 பேர், 1,210 வண்டிகள் என்று கூடப் போன அலெக்ஸாண்டர் ராஸ் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேட்டை கூடாது. உத்தரவுக்கு முன் ஒருவன் தனியாகப் பாயக் கூடாது. ஆனால் குதிரைமேல் போனவர்கள் சுட்டு முடிப்பது சில மணி நேரம். அப்புறம் அரிவதும், உலர்த்துவதும், இடிப்பதும், கொழுப்புக் காய்ச்சுவதும், பை தைப்பதும் நாள்கணக்கான வேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். பாறையில் எழுதிய மெக்கென்ஸியின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அவர் மூட்டையில் இருந்ததை இடித்தவளின் பெயர் எங்கும் இல்லை.

அந்த மிருகத்தின் கதையும் அப்படித்தான். கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகளைப் பெம்மிகன் வியாபாரம் ஓரளவு தின்றது. தோல் வியாபாரமும் ரயிலும் மிச்சத்தைத் தின்றன. 1889-இல் ஏறக்குறைய ஆயிரந்தான் எஞ்சின. பிறகு மாட்டிறைச்சியில் பெம்மிகன் செய்தார்கள். 1911-இல் தென் துருவத்துக்குப் போட்டி போட்ட அமுண்ட்ஸென், ஸ்காட் இருவரும் அதைத்தான் கொண்டுபோனார்கள். மலிவு, மலிவு என்று எல்லாரும் சொன்ன சாப்பாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் அதைத் தின்றவர்கள் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் அத்தியாயத்தைத் திருத்தினேன். வேட்டைக்காரர்கள் புறப்படுவதற்கு முந்தின இரவைப் புதிதாக எழுதினேன். ஊர் அடங்கிவிட்டது. ஓர் அடுப்படியில் மட்டும் விளக்கு எரிகிறது. ஒருத்தி பொருள்விளங்கா உருண்டைக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறாள்.

சிநேகிதர் படித்துவிட்டு, "புலி வருகிற இடத்தைவிட இது தேவலை" என்றார்.

அவளுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறேன்.