16 பிட் மென்பொருளும் லினக்ஸ் கெர்னலும்: புதுச்சேரிச் சுவடிகளை முன்வைத்து

முன்னுரை

புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் முதலிய இடங்களில் பேணப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. இவற்றுட் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்தவை. ஓலை சிதையாதிருப்பினும் அவ்வெழுத்தை அறிந்தவர் இல்லையெனில் நூல் பயன்படாது. கணினிக் கோப்புகளுக்கும் இது பொருந்தும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய கோப்புகள் பலவற்றைப் பிழையின்றித் திறக்க, அவற்றை உருவாக்கிய மென்பொருளே தேவைப்படும்.

2014ஆம் ஆண்டுச் சிக்கல்

விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருள்கள் 16 பிட் அமைப்புடையவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக இயக்குவதில்லை. 1993இல் தொடங்கப்பட்ட வைன் திட்டத்தின் வழியாக 64 பிட் லினக்ஸ் அவற்றை இயக்கிவந்தது. ஆயினும், கெர்னலிலிருந்து 16 பிட் நிரலுக்குத் திரும்பும்போது செயலி அடுக்குச் சுட்டியின் கீழ்ப்பாதியை மட்டுமே மீட்டமைத்தது. மேற்பாதியில் கெர்னலின் முகவரித் துணுக்கு எஞ்சிப் பயனர் நிரலுக்குக் கசிந்தது. இப்பாதுகாப்புக் குறையைக் களைய, 2014 ஏப்ரலில் ஹெச். பீட்டர் ஆன்வின் எழுதிய திருத்தம் 64 பிட் கெர்னலில் 16 பிட் நினைவகப் பகுதிகளைத் தடைசெய்தது. அதனால் பழைய மென்பொருள்கள் நின்றன.

மூலநிரல் திறந்திருந்தமையால், தடையை நீக்கும் ஒட்டினை இட்டுக் கெர்னலைத் தாமே தொகுத்துக்கொள்ளும் வழி பயனருக்கு இருந்தது. ஆனால் தனி ஒட்டு பாதுகாப்புக் குறையை மீண்டும் திறப்பதோடு, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மறுபடி இடப்படவும் வேண்டும். நிலையான தீர்வு பொது மூலநிரலிலேயே அமைந்தது. திரும்பும் கணத்தில் தனிச் சிற்றடுக்கைப் பயன்படுத்திக் கசிவைத் தடுக்கும் முறை, 2014 ஆகஸ்டில் வெளியான 3.16ஆம் பதிப்பில் இணைந்தது, தடையும் நீங்கியது.

முடிவுரை

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் மூல மென்பொருள் வேண்டாவெனக் கருதுவதுண்டு. புதுச்சேரியின் முன்மாதிரி வேறு. பிரெஞ்சு நிறுவனம் ஓலைகள் பலவற்றைத் தேவநாகரியில் தாளுக்குப் படியெடுத்தது, ஓலைகளையும் காத்தது. படியில் ஐயம் எழுந்தால் மூலமே சான்று. மாற்றப்பட்ட கோப்பிலும் எழுத்துப் பிழை எழக்கூடும். அதைச் சரிபார்க்க மூலக் கோப்பும் அதனை இயக்கும் மென்பொருளும் எஞ்சியிருக்க வேண்டும். எனவே, எண்ணிமக் காப்பகங்கள் கோப்போடு அதனைத் திறக்கும் மென்பொருளையும், அம்மென்பொருள் இயங்கிய கெர்னல் பதிப்பின் மூலநிரலையும் சேர்த்துக் காப்பது இன்றியமையாதது.