ரேஸ் பார்க்க நேரில் போறீங்களா? கமென்ட்ரி கேட்க எந்த ரேடியோ வாங்கலாம்? கவனிக்க வேண்டியவை என்னென்ன?

டிவியில் கார் ரேஸ் பார்ப்பவருக்கு எல்லாமே திரையில் தெரியும். யார் முதலிடம், யார் டயர் மாற்றப் போனார், எத்தனை சுற்று பாக்கி என்று ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் டிக்கெட் வாங்கி நேரில் போனவருக்குத் தெரிவது ஒரே ஒரு வளைவுதான். கார்கள் சீறிக்கொண்டு வரும், இரண்டு நொடியில் மறைந்துவிடும். அடுத்த சுற்று வரும்வரை என்ன நடந்தது என்று தெரியாது.

மைதான ஒலிபெருக்கியில் கமென்ட்ரி ஓடும். ஆனால் இன்ஜின் சத்தத்தில் பாதி காதில் விழாது. அதனால்தான் வெளிநாட்டு ரேஸ் ரசிகர்கள் பலர் இன்றும் பையில் சின்ன ரேடியோ ஒன்றைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பார்முலா ஒன், லீ மான்ஸ் என்று வெளிநாட்டு ரேஸ் பார்க்கக் கிளம்பும் தமிழ் ரசிகர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த ரேஸ்களில் ரேடியோ முக்கியம்?

பிரான்ஸின் லீ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் முதல் உதாரணம். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். பல பிரிவு கார்கள் ஒரே நேரத்தில் ஓடும். முன்னால் போகிற கார் முதலிடத்தில் இருக்கிறதா, ஐந்து சுற்று பின்தங்கி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே ஆங்கிலக் கமென்ட்ரிக்கு 'ரேடியோ லீ மான்ஸ்' 91.2 மெகா ஹெர்ட்ஸ் எஃப்.எம்-இல் பல ஆண்டுகளாகப் பிரபலம். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் இந்த ரேஸில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவரது அணி ஒட்டுமொத்தத்தில் 6ஆம் இடம் பிடித்தது.

அடுத்தது ஐல் ஆஃப் மேன் டிடி பைக் ரேஸ். ஊர்ச் சாலைகளையே மூடி நடத்தும் ரேஸ் இது. ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர். வீரர்கள் 10 வினாடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். அதனால் சாலையில் முதலில் வருபவர்தான் முன்னிலை என்று சொல்ல முடியாது. நேரக் கணக்கில் பின்னால் வருபவர் ஜெயித்துக்கொண்டு இருக்கலாம். உள்ளூர் வானொலியான 'மேங்க்ஸ் ரேடியோ'வின் கமென்ட்ரி இல்லாமல் இந்த ரேஸ் புரியாது என்றே சொல்லலாம்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 ரேஸுக்கு 1952 முதல் சொந்த ரேடியோ நெட்வொர்க் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வர்ணனையாளர் இருப்பார். கார் நகர நகர ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கமென்ட்ரி கைமாறும். உள்ளூரில் டிவி நேரலையைத் தடுத்துவைப்பது அங்கே நீண்ட கால வழக்கம். 2016, 2025 போன்ற சில ஆண்டுகள்தான் விதிவிலக்கு. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ரேஸ் என்றாலே ரேடியோதான்.

மொபைல் ஆப் இருக்கும்போது ரேடியோ எதற்கு?

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, நெட்வொர்க். லீ மான்ஸுக்குச் சமீப ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் போனைத் திறந்தால் டேட்டா திணறும். எஃப்.எம். ஒலிபரப்பை ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் சிக்னல் குறையாது.

இரண்டாவது, தாமதம். ஆன்லைன் ஸ்ட்ரீமிங் சில வினாடி முதல் அரை நிமிடத்துக்கு மேல்கூடப் பின்தங்கி வரும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 30 வினாடியில் இரண்டரை கிலோமீட்டர் கடந்துவிடும். கண்முன்னே நடந்த ஓவர்டேக்கைப் பற்றி, கார் மறுபக்கம் போன பிறகுதான் ஆப் சொல்லும். சாதாரண எஃப்.எம்., ஏ.எம். ஒலிபரப்பில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. டிஜிட்டல் ரேடியோவான 'டேப்' முறையிலும் சில வினாடி தாமதம் உண்டு.

போனிலேயே எஃப்.எம். இருந்தால் போதாதா?

போதும், இருந்தால். ஐபோன்களில் எஃப்.எம். கிடையாது. ஆண்ட்ராய்டு போன்களிலும் பல மாடல்களில் இந்த வசதி காணாமல் போனது. போன்களில் எஃப்.எம். இயங்க வேண்டும் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

உங்கள் போனில் எஃப்.எம். இருந்தாலும், வயர் உள்ள இயர்போன் செருகினால்தான் பெரும்பாலும் வேலை செய்யும். அந்த வயர்தான் ஆன்டெனா. புளூடூத் இயர்பட்ஸை மட்டும் கொண்டுபோனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது எது?

பிராண்டோ விலையோ பிறகு. முதலில் போகிற ரேஸின் அலைவரிசை எண்ணைக் கண்டுபிடியுங்கள். ரேஸ் நிகழ்ச்சி நிரலிலும் டிராக்கின் இணையதளத்திலும் அது இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும் என்பதால் கிளம்பும் முன் சரிபார்க்கவும். அந்த எண் உங்கள் ரேடியோவில் கிடைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

* 88க்குக் கீழே போகுமா? பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் டிராக்கின் கமென்ட்ரி 87.7 மெகா ஹெர்ட்ஸில் வந்திருக்கிறது. ரேடியோ 88இல் தொடங்கினால் இது கிடைக்காது. 87.5 முதல் 108 வரை உள்ளதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள்.

* ஜப்பான் போகிறீர்களா? அங்கே எஃப்.எம். 76 மெகா ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். சுசூகா போன்ற ரேஸ்களுக்குப் போவோர் 76 முதல் 108 வரை பிடிக்கும் ரேடியோ வாங்குவது நல்லது.

* ஏ.எம். இருக்கிறதா? மேங்க்ஸ் ரேடியோவின் ஏ.எம். அலைவரிசை 1368 கிலோ ஹெர்ட்ஸ். எஃப்.எம். பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும், மலை மறைத்தால் மங்கிவிடும். ஏ.எம். மேடு பள்ளம் தாண்டியும் வரும். மலைப்பாதை ரேஸுக்கு இரண்டும் உள்ள ரேடியோவே சரி.

* ஏ.எம். இடைவெளி 9ஆ, 10ஆ? ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஏ.எம். நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். அமெரிக்காவில் 10. அமெரிக்க டிஜிட்டல் ரேடியோவில் 1360க்கு அடுத்து 1370தான் வரும், 1368இல் நிற்காது. இந்த இடைவெளியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

டிஜிட்டல் டியூனிங்கா, திருகும் டயலா?

டயல் ரேடியோ விலை குறைவு, பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும். ஆனால் டிராக்கில் இயங்கும் நிலையங்கள் பல குறைந்த சக்தி கொண்டவை. பக்கத்திலேயே வலுவான உள்ளூர் நிலையம் இருந்தால், டயல் கொஞ்சம் நகர்ந்தாலும் பாட்டு நுழைந்துவிடும். எண்ணைத் தட்டி நிறுத்தும் டிஜிட்டல் ரேடியோவில் இந்தக் கஷ்டம் குறைவு.

கூடவே மூன்று சின்ன வசதிகளைக் கவனிக்கவும். ஒன்று, பூட்டும் பட்டன். பாக்கெட்டில் இடிபட்டு நிலையம் மாறாமல் இருக்க இது தேவை. இரண்டு, ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றும் வசதி. சிக்னல் பலவீனமாக இருக்கும்போது மோனோவில் வைத்தால் 'உஸ்' என்ற இரைச்சல் நன்றாகக் குறையும். பேச்சு கேட்க ஸ்டீரியோ தேவையே இல்லை. மூன்று, இரவு ரேஸுக்குத் திரை விளக்கு.

எந்த பேட்டரி நல்லது?

உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி வசதியானதுதான். ஆனால் 24 மணி நேர ரேஸில் நடுராத்திரி சார்ஜ் தீர்ந்தால் பிளக் பாயின்ட் தேட வேண்டும், அல்லது பவர் பேங்க் சுமக்க வேண்டும். பென்சில் பேட்டரி போடும் ரேடியோவில் ஒரு ஜோடி மாற்றினால் முடிந்தது. உதிரி ஒரு ஜோடியும், மழைக்கு ரேடியோவைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் கவரும் பையில் இருக்கட்டும்.

காதுக்கு என்ன ஆகும்? இதுதான் முக்கியம்

ரேடியோ வாங்குவோர் அதிகம் மறக்கும் விஷயம் இது. 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ரேஸ் கார் பக்கத்தில் அதைவிட அதிகச் சத்தம் சாதாரணம்.

இந்த இரைச்சலில் சாதாரண இயர்போன் போட்டால் என்ன ஆகும்? கமென்ட்ரி கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவோம். இன்ஜின் சத்தமும் குறையாது, அதற்கு மேல் இயர்போன் சத்தமும் சேரும். இது இரட்டை ஆபத்து. கேட்கும் திறன் ஒருமுறை இப்படிப் போனால் திரும்ப வராது.

சரியான வழி, வெளிச் சத்தத்தை முதலில் குறைப்பது. இரண்டு முறைகள் இருக்கின்றன. காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் அல்லது ஃபோம் முனை உள்ள வயர் இயர்போனைப் போட்டு, அதன் மேல் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் இயர்மஃப் அணியலாம். வயர் வெளியேறும் இடத்தில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது எஃப்.எம். உள்ளேயே பொருத்திய இயர்மஃப் வாங்கலாம். அவற்றில் சில, ஸ்பீக்கர் சத்தத்தை 82 டெசிபலுக்குள் கட்டுப்படுத்தும். ஆனால் அலைவரிசை எல்லையை இவற்றிலும் சரிபார்க்க வேண்டும்.

'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன் இதற்கு மாற்று ஆகாது. விமான இரைச்சல் போன்ற சீரான ஒலிக்காக உருவானது அது. குழந்தைகளை அழைத்துப் போனால் ரேடியோ இல்லாவிட்டாலும் அவர்கள் அளவுக்கான இயர்மஃப் கட்டாயம்.

ஓட்டுநர் பேசுவதைக் கேட்கும் ஸ்கேனர் வாங்கலாமா?

அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸ்களில் ஓட்டுநரும் அணியும் பேசுவதை ஸ்கேனர் கருவியில் ரசிகர்கள் கேட்பது வழக்கம். டிராக்கிலேயே வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் எல்லா இடத்திலும் இது சரிவராது. பார்முலா ஒன் அணிகளின் உரையாடல் குறியாக்கம் செய்யப்பட்டது, ஸ்கேனரில் பிடிக்காது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு அல்லாத ஒலிபரப்பை ஒட்டுக்கேட்பது சட்டப்படி குற்றம். கமென்ட்ரி மட்டும் போதும் என்றால் ஸ்கேனருக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

சென்னை ரேஸுக்கு ரேடியோ தேவையா?

இருங்காட்டுக்கோட்டை டிராக் ஆகட்டும், 2024இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது போன்ற சாலை ரேஸ் ஆகட்டும், விதி ஒன்றுதான். ஏற்பாட்டாளர்கள் கமென்ட்ரிக்கு அலைவரிசை அறிவித்தால் மட்டுமே ரேடியோவால் பயன். அறிவிக்கவில்லை என்றால் அந்தப் பணத்தில் நல்ல இயர்மஃப் வாங்குங்கள்.

சுருக்கமாக

ரேஸின் அலைவரிசை எண் முதலில், அதைப் பிடிக்கும் ரேடியோ அடுத்து, காதைக் காக்கும் இயர்மஃப் கூடவே. டிராக்குக்குப் போனதும் ரேஸ் தொடங்கும்வரை காத்திருக்காமல், பயிற்சிச் சுற்றின்போதே நிலையத்தைப் பிடித்து, சேமித்து, பூட்டிவிடுங்கள். ஏ.எம். என்றால் ரேடியோவை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆன்டெனா திசைக்கு ஏற்ப சிக்னல் கூடும், குறையும். தெளிவாகக் கேட்கும் திசை தெரிந்ததும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.