புகையும் வித்தும்: வித்துறக்க ஆய்வு வரலாற்றில் ஓர் அத்தியாயம்

அழிந்த நிலமொன்றில் அதன் பழைய தாவரங்களை மீண்டும் நிலைபெறச் செய்தல், வித்தைத் தூவுவதோடு நிறைவுறும் செயலென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. வரண்ட நிலங்களைப் பொறுத்தவரை இக்கருத்து ஏற்புடையதன்று. கோதுமை போன்ற பயிர்கள் நீர்பட்ட சில நாள்களில் முளைப்பது, பல்லாயிரம் ஆண்டுகளாக உழவர் அவற்றைத் தெரிந்தெடுத்து வந்தமையின் விளைவாகும். பயிராக்கப்படாத தாவரங்கள் பலவற்றின் வித்துகளோ ஈரம் கிடைத்த மாத்திரத்தே முளைப்பனவல்ல. மழை ஒழுங்கின்றிப் பெய்யும் நிலத்தில், ஒரு மழையை நம்பி எல்லா வித்துகளும் முளைத்துவிடின், அடுத்து வரும் வறட்சியில் அவ்வினமே அற்றுப்போகும். எனவே, உயிருடனிருந்தும் முளையாதிருத்தலாகிய உறங்குநிலை அவற்றுக்குக் காப்பாக அமைகின்றது. அவ்வுறக்கத்தைக் கலைக்கும் குறிகளுள் ஒன்றை விஞ்ஞானம் எவ்வாறு, எத்துணைக் காலந்தாழ்த்தி அறிந்துகொண்டது என்பதை, மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதியை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பகுதி நூங்கார் மக்களின் தாயகமாகும். வேட்டைக்கும் உணவுத் தாவரங்களைப் புதுப்பித்தற்கும் அவர்கள் காலமறிந்து, இடமறிந்து புதர்நிலங்களுக்குத் தீமூட்டி வந்தனர். 1829இல் பிரித்தானியர் அங்கு சுவான் ஆற்றுக் குடியேற்றத்தை நிறுவினர். குடியேறியோருக்குத் தீ, பயிரையும் வேலியையும் அழிக்கும் பகையாகவே தோன்றிற்று. 1847இல் இயற்றப்பட்ட காட்டுத்தீக் கட்டளைச் சட்டம், தீமூட்டும் பூர்வ குடிகளையும் தண்டனைக்குரியோராக்கியது. ஒரு சமுதாயத்தின் நிலப் பராமரிப்பு முறை இன்னொரு சமுதாயத்தின் சட்டத்திற் குற்றமாயிற்று.

பின்னர் உள்நாட்டுப் புதர்நிலங்கள் பரந்த அளவில் வெட்டியழிக்கப்பட்டுக் கோதுமை வலயம் உருவாயிற்று. ஆழ வேரூன்றி ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சிய தாவரங்களின் இடத்தை, சில மாதங்களே நிற்கும் பயிர் பெற்றது. உறிஞ்சப்படாத மழைநீர் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்த, மண்ணின் ஆழத்திற் கிடந்த உப்பும் அதனோடு மேலெழுந்தது. உள்நாட்டுத் தாவரங்களின் அழிவுக்கும் மண்ணிலும் ஓடைகளிலும் உப்புப் பெருகுவதற்குமுள்ள தொடர்பினை, புகையிரதப் பொறியியலாளரான வூட் என்பார் 1924இலேயே எடுத்துக்காட்டினார். எனினும் நில அழிப்பு அதன் பின்னரும் பல தசாப்தங்கள் தொடர்ந்தது. பழைய தாவரங்களை மீளக் கொணரும் தேவை இவ்வாறே எழுந்தது. ஆயின் சேகரித்த வித்துகளுட் பல, நாற்றுமேடைகளில் முளைக்க மறுத்தன.

உறக்கம் எல்லா வித்துகளுக்கும் ஒருதன்மைத்தன்று. வேலமரம் முதலாய அவரைக் குடும்பத்தினவற்றுட் பலவற்றின் வித்துறை நீர்புகாதது. நம் நாட்டுக் கொன்றை வித்தும் இத்தகையதே. வித்துறையைக் கீறுதல், சுடுநீரில் இடுதல், சல்பூரிக்கமிலத்தில் ஊறவைத்தல் ஆகிய முறைகள் இவற்றுக்குப் பயன்படும். வேறு பல வித்துகளில் நீர் தடையின்றிப் புகும். ஆயினும் முளையம் வளராது. தீயின் பின் செழித்து முளைக்கும் இவ்வகை வித்துகள், வெப்பமூட்டியும் முளைக்காமை ஆய்வாளர்க்குப் புதிராயிற்று.

இப்புதிருக்கான விடையின் முதற்கூறு தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. டி லாங்கே, பூஷர் ஆகிய இருவரும், தீயை அடுத்து மீளெழும் அரிய புதர்ச்செடியான ஓடுயினியா கப்பிற்றாற்றாவின் வித்துகளைத் தாவரப் புகை முளைக்கத் தூண்டுவதை 1990இல் வெளியிட்டனர். தீயிற் பயனளித்தது சுடரன்று, புகை என்பது இதனாற் புலனாயிற்று. 1995இல் பேர்த் நகரின் டிக்சன், ரோச், பேற் ஆகியோர், முளைப்பித்தற்கு அரியனவென அறியப்பட்ட 94 உள்நாட்டினங்களிற் குளிர்ந்த புகையைச் சோதித்து, அவற்றுள் 45 இனங்கள் பயன்பெற்றமையைக் காட்டினர். 2004இல் ஃபிளமற்றியும் அவர்தம் குழுவினரும் புகையிலிருந்து அத்தூண்டற் பொருளைப் பிரித்தெடுத்தனர். செலுலோசு எரியும்போது தோன்றுவதாதலின், எச்செடி எரியினும் அக்குறி பிறக்கும். நீரிற் கரைவதாதலின், மழையோடு மண்ணுட் புகும். நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைந்த செறிவிலும் அது சில வித்துகளை எழுப்பவல்லது. 2011இல் புகையிலுள்ள கிளிசரோநைத்திரைல் என்னும் வேறொரு பொருளும், முற்கூறிய பொருளுக்கு இணங்காத கங்காருப்பாதச் செடியின் வித்தை முளைக்கச் செய்வது கண்டறியப்பட்டது.

2004இற் கண்டறியப்பட்ட பொருளுக்குப் பின்னர் கரிக்கினோலைட்டு என்றும், அதனைச் சார்ந்த சேர்வைகளுக்குக் கரிக்கின்கள் என்றும் பெயரிட்டனர். 1830களிற் பேர்த் பகுதியிற் பதிவான, புகையைக் குறிக்கும் 'கரிக்' என்ற நூங்கார் சொல்லே இப்பெயரின் அடியாகும். இப்பெயரீடு ஆழ்ந்து நோக்கற்பாலது. நூங்கார் மக்கள் இச்சேர்வையின் இரசாயனத்தை அறிந்திருந்தனர் என்பது இதன் பொருளன்று. 1847ஆம் ஆண்டுச் சட்டமே இக்கண்டுபிடிப்பைத் தாமதப்படுத்தியது என்று வாதிடுவதும் மிகையாகும். எனினும் தீயை அழிவாக மட்டுமே காணும் நோக்கு நிலைபெற்ற சமுதாயத்தில், புகையை வாழ்வின் குறியாக எண்ணிப் பார்க்கும் வினா எளிதில் எழுவதில்லை. எவ்வினா கேட்கப்படுகின்றது என்பதை ஆய்வுகூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலத்தோடு மனிதர் கொண்ட உறவும் தீர்மானிக்கின்றது.

ஒரு சொல்லைக் கடனாகப் பெறுதலும் ஒரு மக்களின் உரிமையை ஏற்றலும் ஒன்றல்ல. நூங்கார் மக்களே அந்நிலத்தின் மரபுவழி உரித்தாளர் என்பதை மேற்கு அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 2016இலேயே தனிச்சட்டத்தால் ஏற்றது. குடியேற்றம் தொடங்கி 187 ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன.

புகை எந்நிலத்துக்கும் பொருந்தும் மருந்துமன்று. 1995ஆம் ஆண்டுச் சோதனையில் ஏறத்தாழப் பாதி இனங்கள் அதற்கு இணங்கவில்லை. சில வித்துகள் மண்ணிற் புதையுண்டு பருவங்கள் கழிந்த பின்னரே புகைக்கு இணங்குகின்றன. கொன்றை போன்றவற்றுக்கோ வித்துறையின் தடையே முதலில் நீங்கவேண்டும். ஓரிடத்திற் கண்ட விடையை வேறிடத்திற் கண்மூடிப் பயன்படுத்துவோர், சேகரித்தற்கரிய வித்துகளை வீணே இழப்பர். ஒவ்வொரு வித்தின் உறக்கமும் அது தோன்றிய நிலத்தின் மழை, தீ, வறட்சி ஆகியவற்றின் வரலாற்றைத் தன்னகத்தே கொண்டது. அவ்வரலாற்றைப் பயிலாது நிலத்தை மீட்க முனைதல் பயன் தராது. அதனைப் பயிலப் புகும் தாவரவியல் மாணவன், அந்நிலத்தில் வாழ்ந்த மனிதரின் வரலாற்றையும் உடன் பயிலுதல் வேண்டும்.