பல் போன பின்னும் சொல்

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம் முதியோர் அடிக்கடி சொன்ன பழமொழி. 'சோறு போச்சு' என்று அவர்கள் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் சோற்றுக்கு மாற்று இருந்தது. கூழும் களியும் பாலில் குழைத்த பிட்டும் பல்லைக் கேட்பதில்லை. வெற்றிலைக்கும் வழி இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை யாவற்றையும் சிறு பாக்குரலில் இடித்து வாயில் அடக்கிக்கொள்வார்கள். ஈறைக் கெடுத்த பொருளைப் பல் போன பின்னரும் விடாத மண் அது!

சொல்லுக்குத்தான் மாற்று இருக்கவில்லை. இதன் காரணத்தைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே காணலாம். த, ந இரண்டும் மேற்பல்லின் அடியை நாநுனி பரந்து ஒற்றப் பிறக்கின்றன. மேற்பல் இதழோடு பொருந்த வகரம் பிறக்கிறது. பல் இல்லாதவர் 'வந்தது' என்று சொல்லிப் பார்க்கட்டும். பாதி காற்றாகவே வெளிவரும்.

கோயில்களில் ஒருவர் புராணத்தைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் மரபில் வளர்ந்த சமூகம் நம்முடையது. அதற்குக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கங்களைத் தொடங்கியது 1847 டிசம்பர் 31ஆம் திகதி. மருத்துவர் சாமுவேல் கிறீன் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்ததும் அதே ஆண்டில்தான். தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, நூல்களும் ஆக்கியவர் அவர்.

பொய்ப்பல்லின் கதை வேறு திசையில் நடந்தது. 1789இல் அமெரிக்க சனாதிபதியாகப் பதவியேற்றபோது ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். நீர்யானைத் தந்தத்தில் செய்து, சுருள்வில் பூட்டிய செற்றோடு அவர் அல்லலுற்றார். 1850களில் வல்கனைற் எனும் கடின றப்பர் வந்த பின்னரே, வாயின் அச்சுக்குப் பொருந்தும் தட்டுகள் நடுத்தர வர்க்கத்தினருக்கு எட்டின. அந்த றப்பர் மரம் 1876இல் கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடவில் நடப்பட்டது என்பது நமக்கு ஒரு சுவையான தொடர்பு. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. கொழும்பில் பல் மருத்துவக் கல்வி 1938இல் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு மாறியது.

எங்கள் ஊரில் நான் முதலில் கண்ட 'பல் செற்' ஒரு மலாயன் பென்சனியருடையது. சிறுவர்களான எங்களுக்கு அது வேடிக்கை; அவருக்கோ மரியாதை. செற் இல்லாமல் அவர் படலைக்கு வெளியே வந்ததில்லை.

1990இல் குடாநாட்டின் மின்சாரம் அற்றுப்போனது. பொருளாதாரத் தடையும் இறுகியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தது. அதன் பின் தென்மராட்சியில், ஒரு பாடசாலை மண்டபத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். செற்றைத் தண்ணீர்க் கிளாசில் விட்டபடியே வீட்டைவிட்டு வந்திருந்தார். பேசும்போதெல்லாம் சால்வையால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். இழப்புகளைக் கணக்கெடுத்த எந்தப் படிவத்திலும் அதற்கு ஓர் இடம் இருந்ததாக நினைவில்லை.

இன்று உலகெங்கும் சிதறியுள்ள நம் முதியோர் பலர் செற் அணிகிறார்கள். மேல்தட்டை உமிழ்நீரின் மெல்லிய படலம் அண்ணத்தோடு ஒட்டிவைக்கிறது. கீழ்த்தட்டுக்கு அந்தப் பரப்பு இல்லை, நாவும் அதை ஓயாமல் தள்ளும். கீழ்ச்செற் ஆடுவது அணிபவரின் குற்றமன்று. பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போவதால், சில ஆண்டுகளுக்கொருமுறை தட்டைத் திருத்தவும் வேண்டும். இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் இட வேண்டும். கொதிநீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும். புதிதாய் அணிவோர் நாள்தோறும் உரத்து வாசித்துப் பழகவேண்டும் என்பதே பல் மருத்துவர்கள் சொல்லும் புத்திமதி. எம்மவர் அதற்குப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை!

வெற்றிலையைத் தொடர்வோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. தட்டின் அடியில் தோன்றும் புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அதைச் செற்றின் உராய்வு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.